அதிபர் கப்பல் அனுப்பலாமா, சம்பந்தி?

சம்பந்தி, நேற்று உங்கள் மில்லில் என் பல்செட்டு அடுத்தவர் கடலை மாவில் விழுந்துவிட்டது.

மாரியூருக்கு வந்து, மிளகாய் வற்றலை அரைக்கக் கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் செல்போனில் செய்தி ஓடியது. என் வாயில் பெயர் நுழையாத ஏதோ ஒரு நாட்டில் சனங்கள் இந்த ஆட்சி வேண்டாமென்று தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் அதில் தலையிடலாமா கூடாதா என்று நாலு பேர் மல்லுக்கு நின்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து, "கப்பலை அனுப்பணும்யா" என்று தொடங்கினேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. ஒரே தும்மல். உங்கள் மருமகள்தான் மாவுக்குள் கையை விட்டுப் பல்லை எடுத்து, குழாயில் கழுவிக் கொடுத்து, "பேசுங்கய்யா, ஒலகமே காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். என் மகள் என்பது அந்த வாயிலேயே தெரிகிறதல்லவா.

எதிர்த்துப் பேச நீங்கள் இல்லை. போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் எதிர்வார்த்தை பேசக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். உப்பில்லாத குழம்பைக்கூட உங்கள் வீட்டில் புகழ்ந்துதான் சாப்பிட்டேன். அதிபர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

"அடுத்த நாட்டுச் சண்டையில அவருக்கென்ன சோலி?" என்பீர்கள்.

"அப்ப அடிச்சுக்கிட்டுச் சாகட்டும்கிறீகளா?"

"கூப்பிட்டாப் போகலாம் சம்பந்தி. கூப்பிடாமப் போனவனுக்குத் திரும்பி வர வழி தெரியாது."

கல்யாணமான முதல் வருஷம். மில்லை நானும் ஓட்டுவேன் என்றாள் மகள். பொம்பளைக்கு எதற்கு அந்த வேலை என்றார் மாப்பிள்ளை. பேச்சு நின்றுபோனது. மகள் தன் அம்மாவிடம் போனில் அழுதாள். நான் உடனே பஸ் ஏறிவிட்டேன், அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று. பேருக்கு ஒரு பை வற்றல். அப்படிக் கூட்டிவந்த பெண் திரும்பிப் போக எத்தனை பஞ்சாயத்து ஆகும் என்பது அந்தக் கோபத்தில் தோன்றவில்லை.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். வற்றலை வாங்கி மகனிடம் கொடுத்தீர்கள். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, "நேத்து அதிபர் பேசுனதக் கேட்டீகளா?" என்றீர்கள். வந்த வேலை எனக்கு மறந்துபோனது. சத்தமே போடாத நீங்கள் அன்றைக்கு, "ஊரு ஒலகம் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தகர டின்னைத் தட்டினீர்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். தெருவே நின்று பார்த்தது.

மாப்பிள்ளை மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்தார். வீட்டுக்குள்ளிருந்து மகளும் வந்தாள்.

"உங்க அய்யாவ உக்காரச் சொல்லுங்க" என்றாள் அவரிடம்.

"மொதல்ல உங்க அய்யாவ வேட்டிய எறக்கச் சொல்லு" என்றார் அவர்.

நாள்கணக்கில் பேசாதிருந்தவர்களின் முதல் பேச்சு அது. அதற்குள் மிஷினின் மேல்பெட்டியில் கொட்டிய வற்றல் தீர்ந்து, வெறுமனே ஓடிய மிஷின் அலறியது. மாப்பிள்ளையின் இரண்டு கையும் உங்கள் தோளில். "போ, நீயே போய்ப் பாரு" என்றார். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு போனவள் மிச்ச வற்றலையும் கொட்டி அரைத்து முடித்துவிட்டுத்தான் வந்தாள். அன்றிலிருந்து அந்த மிஷின் அவள் கையில்.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மீன் குழம்பு. உப்பு இருந்தது. என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது மெல்லச் சொன்னீர்கள்: "உங்க கப்பல் கரையிலயே நின்னுருச்சே சம்பந்தி."

முதுகுளத்தூரில் இறங்கிய பிறகுதான் நீங்கள் போட்ட சத்தம் எதற்கென்று எனக்கு விளங்கியது. பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாகச் சிரித்தேன். ஒரு ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

நேற்றும் உள்ளே புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம். புது மோட்டார் வாங்குவதா, பழையதையே ஓட்டுவதா என்று. எழுந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் விடவில்லை.

"முடிவா என்னங்கிறீக? அதிபர் தலையிடலாமா, கூடாதா?"

"கப்பலை அனுப்பத்தான் வேணும்" என்றேன், பல்லை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

நீங்கள் சொன்னதுதான் சரி, சம்பந்தி. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.