பச்சை நோட்டின் ஏழாம் பக்கம்

மார்ச் 4
கால் முறிந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த தச்சரின் காப்பீட்டு க்ளைமை, நான் அப்பீல் எழுதியும், இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டது. "முப்பது நாள் கெடு தாண்டியது. எங்கள் கையேடு, பக்கம் ஏழு." கெடுவை எண்ண வேண்டியது கடைசி பில் தேதியிலிருந்து அல்லவா! அவர் காலில் வைத்த தகட்டுக்கான பில்லே, டிஸ்சார்ஜ் ஆகிப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. எந்த மடையன் அங்கே உட்கார்ந்து நாள் எண்ணுகிறான்? மனுஷர் ஊன்றுகோலோடு என் மேஜை முன்னால் நின்று, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்கிறார். இந்த வருஷம் அந்தக் கம்பெனியிலிருந்து இப்படித் திரும்பியதில் இது ஒன்பதாவது.

மார்ச் 6
மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரியில் எங்கள் காப்பீட்டுப் பிரிவை மூடுகிறார்களாம். வேலையை வெளியே கொடுக்கப்போகிறார்கள். பதினோரு வருஷம். மேலாளர் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

மார்ச் 9
க்ளைம் ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தேன் — தச்சரைத் திருப்பி அனுப்பிய அதே கம்பெனிக்கு. "தினம் சண்டை போடற வீட்டுக்கே குடி போறியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல். உள்ளே போனால் அந்த ஏழாம் பக்கத்தைத் திருத்தலாமே.
தவிர, அங்கே வாலு இருக்கிறாள். நான்கு வருஷம் என் பக்கத்து நாற்காலி. அக்கா அக்கா என்று என் பின்னாலேயே சுற்றியதால் அந்தப் பெயர். போன வருஷம் அங்கே சேர்ந்தபோது என் பச்சை நோட்டை, வேலையில் கற்றதையெல்லாம் எழுதி வைத்ததை, "ரெண்டே நாள்க்கா" என்று வாங்கிப் போனாள். இன்னும் வரவில்லை. மறந்திருப்பாள். போன் செய்தேன், எடுக்கவில்லை.

மார்ச் 14
இண்டர்வியூ.
மூன்று பேர். நடுவில் அதிகாரி. ஓரத்தில் வாலு! பயிற்சிப் பிரிவுக்கே பொறுப்பாளராம். எனக்கு மனசு நிறைந்துபோனது. அதிகாரி அவளிடம் கேட்டார், "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"
"அதே ஆஸ்பத்திரிதான் சார். பார்த்த ஞாபகம்."
பார்த்த ஞாபகம்! நீ காய்ச்சல்ல கிடந்த பத்து நாளும் உன் வேலையை யாருடி பார்த்தா?
பிறகு அவர்கள் கையேட்டைக் கொடுத்து, படித்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். தொகுத்தவர் என்று அட்டையில் அவள் பெயர். மூன்றாம் பக்கம்: "டாக்டர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் போன் பண்ணிக் கேள். ஊகிக்காதே." என் வரி. என் கோழி. என் நோட்டில் இருந்த அதே பக்கத்தில், அச்சில்.
ஏழாம் பக்கத்தைப் புரட்டினேன். "முப்பது நாளை டிஸ்சார்ஜ் நாளிலிருந்து எண்ணு."
அதுவும் நான் எழுதியதுதான்.

மார்ச் 15
வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. தப்பு. எங்கள் மேஜையில் அது யாரையும் கடிக்கவில்லை — சீக்கிரம் எண்ணினால் சீக்கிரம் அனுப்புவோம், அவ்வளவுதான். சரியான விதி பின்னால் தெரிந்தது. மனசில் திருத்திக்கொண்டேன், நோட்டில் திருத்தவில்லை. பணம் கொடுக்கிற இடத்தில் அதே வரி ஆள் கழுத்தை அறுக்கிறது. அந்த மடையன் நான்தானா?
தேர்வில் சரியானதைத்தான் எழுதினேன். கையேட்டுப்படி அது தப்பு.

மார்ச் 17
வாலு வீட்டுக்கு வந்தாள். என் நோட்டோடும் ஒரு பை ஆப்பிளோடும்.
"எல்லார் முன்னாடியும் எப்படிக்கா சொல்றது? என் நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க. மார்க்கை நான் சரி பண்ணிடறேன். வேலை உங்களுக்குத்தான். நோட்டு விஷயம் மட்டும் வெளிய வேணாம்."
"ஏழாம் பக்கம் தப்புடி."
"தெரியும்க்கா. தச்சருக்காக நீங்க எழுதின அப்பீலைப் படிச்சப்பவே தெரிஞ்சுது. இப்ப மாத்தினா ஒரு வருஷத்து க்ளைமையும் திறக்கணும். என் தலை உருளும்."
தெரியுமாம். நோட்டைத் திருடினதைக்கூட மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சே அந்த மனுஷனை நொண்ட விட்டிருக்கா. கூடப்பிறந்தவ மாதிரி நம்பினேனே, பாவி! நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆப்பிளைக் கையில் திணித்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18
ஏழாம் பக்கத்தைப் பற்றி அந்த அதிகாரிக்கு எழுதட்டுமா, வேண்டாமா? "வேலையில சேர்ந்துட்டு அப்புறம் எழுதேன்" என்கிறார் இவர். தப்பில்லைதான். ஆனால் சேர்ந்த பிறகு எழுதுவேனா? என்னை எனக்குத் தெரியும்.

மார்ச் 19
அதிகாரிக்கு எழுதிவிட்டேன். விதி, ஒன்பது க்ளைம் எண்கள், நோட்டின் ஏழாம் பக்க நகல். "இந்தத் தவறு முதலில் என்னுடையது" என்றும்.

மார்ச் 24
"தாங்கள் தேர்வு பெறவில்லை." ஒரே வரி.

மார்ச் 31
கடைசி நாள். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது தச்சரின் க்ளைமுக்கு அனுமதி வந்தது. மற்ற எட்டையும் மறுபடி பார்க்கிறார்களாம். போனில் சொன்னேன். "அதான் நீங்க அன்னிக்கே சொன்னீங்களேம்மா" என்றார் தச்சர்.
அனுமதிக் கடிதத்தின் கீழே, மறுபரிசீலனை செய்தவர் என்ற இடத்தில், வாலுவின் கையெழுத்து. கடைசி பில் தேதியிலிருந்து, ஒரு நாள் பிசகாமல் எண்ணியிருக்கிறாள். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். எப்பவும் அப்படித்தான்.