என் கொட்டகையில் நீ நடத்திய பாடம்

தராசை நகர்த்தித் துடைத்தபோது அடியிலிருந்து மடித்த தாள் ஒன்று வந்தது. உன் மாணவன் எவனோ எழுதியது: "வங்காளதேசம் – வெள்ளம், பசி, குப்பை." உன் சாவுக்கு நான் வராததற்குக் காரணம் நீ அவர்களைக் கூட்டி வந்த அந்த நாள்தான். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஒரே எஸ்டேட்டில் அடுத்தடுத்த லைன் வீட்டில் வளர்ந்தோம். நீ காலேஜில் விரிவுரையாளர் ஆனாய். நான் மலைமேல் கியா பார்ம் சந்தையில் காய்கறி வாங்கி விற்று ஆளானேன். "பிள்ளைங்களக் கூட்டிட்டு வரேன் தவுக்கே, கொட்டகையப் பாக்கட்டும்லா" என்று, முதலாளி எனக் கேலியாகக் கூப்பிட்டுப் போன் போட்டாய். ஸ்ட்ராபெரி வாங்கி வைத்துக் காத்திருந்தேன்.

வந்ததும் தாள் கொடுத்து, அந்த நாட்டைப் பற்றித் தோன்றுவதை எழுதச் சொன்னாய். பிறகு கோஸ் உரித்துக்கொண்டிருந்தவனைக் காட்டி என்னைக் கேட்டாய்.

"உன் ஆளு எந்த ஊரு?"

"பங்ளாதேஷ்தான்."

"அங்க எங்க?"

தெரியவில்லை. ஆறு வருஷம் என்னிடம் வேலை செய்தவன். நீ அவனிடமே மலாயில் கேட்டாய். எதிரே தேயிலைச் சரிவைக் காட்டினான். "எங்க ஊரும் இப்படித்தான். அம்மா கொழுந்து கிள்றாங்க."

அந்த நாடு முழுக்கத் தண்ணீர் என்றிருந்தேன். கொழுந்து எது, முத்தல் எது என்று அவனுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறான்.

"பாத்தீங்களா, பக்கத்துலயே வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கல" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். குப்பை என்று எழுதினவனும் சிரித்திருப்பான். அவனை நீ ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைத் திருத்த நான்தானா உனக்குக் கரும்பலகை? தனியாகக் கேட்டிருந்தால் தப்பை ஒத்துக்கொண்டிருப்பேன். நான் சம்பளம் கொடுக்கிற ஆட்கள் எதிரில் தலை குனிய வைத்தாய்.

உங்கள் பஸ் மலை இறங்கிப் போனபின் அவன் என்னிடம் கேட்டான்: "பாஸ், அந்த டீச்சர் என் பேரக் கேக்கவே இல்லியே?"

உண்மைதான். ஒரு மணி நேரமும் அவன் உனக்கு "இந்தத் தொழிலாளி"தான். இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல வைத்திருந்தேன். நீ நாலைந்து தடவை போன் போட்டாய். கொஞ்சம் வேகட்டும் என்று எடுக்காமல் விட்டேன். நீ போய்விட்டாய்.

இப்போது புது ஆள் வந்தால் ஊரைக் கேட்கிறேன். நீ குத்தியதால்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவன் பேர் ரத்தன். அது எனக்கு முதல் நாளே தெரியும்.