புளி உலுக்காத வீடு

இன்று காலை பல் விளக்குவதற்கு முன்பே மீன் கழுவினேன், மதினி. நேற்று வாங்கி ஐஸில் போட்டு வைத்திருந்த சின்னக் கெண்டைகள். வாளித் தண்ணீரில் கொட்டியதும் வாடை எழுந்து முகத்தில் அடித்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நெற்றி நிறையத் திருநீறு, மூக்கைச் சுற்றி முந்தானை. "ஏளா, இந்தக் கருமத்தத் தின்னுட்டா நாரை இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

இவரும் மகளும் எழுந்திருக்கவில்லை. வாளியை மூடி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் இடுக்கிக்கொண்டு தச்சநல்லூரிலிருந்து கிளம்பினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் அறுப்பு முடிந்த வயல்கள். பங்குனி வெயில் ஏழு மணிக்கே உறைக்க ஆரம்பித்திருந்தது. உங்கள் ஊர்க் குளம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்வீர்களே, இன்றும் அப்படித்தான்.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களெல்லாம் கூழைக்கடாக்களுக்கும் கொக்குகளுக்கும் போய்விட்டன. அங்கே இடம் கிடைக்காத நாரைகள் இந்த வருஷமும் ஊருக்குள் வந்து வீட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கின்றன. சரணாலயத்தின் காவலர்கள் குளத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். தெருக்கள் எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சுற்று என்னுடையது. காற்றில் கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால், அந்த வீட்டுக்காரர்கள் கோழி மூடுகிற பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, வாசல் கதவில் ஒரு பழைய துணியைக் கட்டி வைப்பார்கள். துணி கட்டியிருக்கும் வீட்டில் நான் வண்டியை நிறுத்த வேண்டும். குஞ்சுக்கு இரை கொடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, குளத்தங்கரையில் இருக்கும் வலைக் கொட்டகையில் கொண்டுபோய் விட வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் துணி கட்டியிருந்தது. அப்போது உங்களை எனக்குத் தெரியாது. பழைய துணி என்று நீங்கள் எடுத்துக் கட்டியிருந்தது சரிகைக்கரை போட்ட துண்டு. சைவ வீட்டில் கோழி ஏது, பஞ்சாரம் ஏது? பலகாரம் போட்டு வைக்கிற பெரிய மூங்கில் கூடையைப் புறவாசலில் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். தூக்கிப் பார்த்தேன். நாரைக் குஞ்சின் அலகு, கழுத்து, நெஞ்சு எல்லாம் தயிர்சாதம்.

"என்னது இது?"

"தயிர்ச்சோறுதான். வெயில்ல கெடந்துதே, குளிர்ச்சியா இருக்கட்டும்னு குழையப் பெசஞ்சேன். வாயத் தொறந்து தொறந்து காட்டுது, ஒரு வாய் உள்ள எறங்க மாட்டேங்கு. கடுகுகூடத் தாளிக்கலம்மா."

நான் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த நாரைகள் எழுந்து பறந்தன. இது மீன் தின்னும் என்று வாளியைக் காட்டியதும் நீங்கள் இரண்டடி பின்னால் போனீர்கள். "மீனா? எங்க வீட்டுக்குள்ளயா? எங்க மாமனார் இருந்தா என்னையும் நாரையையும் சேத்து ஆத்துல விட்டிருப்பாவ."

அன்றைக்குக் குஞ்சைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் இரை கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு குஞ்சு விழுந்தபோது, மீன் துவைக்கிற கல்வரைக்கும் வரலாம் என்று இறங்கி வந்தீர்கள். அதற்கப்புறம் ஒரு மழை நாளில் நான் வர நேரமாகிவிட்டது. குஞ்சு கத்துவதைப் பொறுக்க முடியாமல், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற இடுக்கியால், அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிய மீனைப் பிடித்து நீங்களே ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். முகத்தை மட்டும் தோளுக்குப் பின்னால் திருப்பி வைத்திருந்தீர்கள். மறு வருஷம் இடுக்கியும் போய்விட்டது. வெறும் கையால் ஊட்டிவிட்டு, கிணற்றடியில் குளித்து, புதுசாகத் திருநீறு பூசிக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்: "நான் திங்கல. ஆக்கவும் இல்ல. பரிமாறுதேன். அவ்வளவுதானளா?"

நான் விலங்கியல் படித்தவள். பறவைகளின் பெயர்களை உங்களுக்குச் சொல்லித் தர எவ்வளவோ முயன்றேன். "பேரு என்னத்துக்கு, கூப்பிட்டா வரவா போகுது?" என்று கடைசிவரை எல்லாவற்றையும் 'மூக்கன்' என்றே சொன்னீர்கள். மஞ்ச மூக்கன், கருத்த மூக்கன், வளஞ்ச மூக்கன். இப்போது எனக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது. போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் குளம் பார்க்க வந்தபோது அரிவாள் மூக்கனை வளஞ்ச மூக்கன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

உங்கள் புறவாசல் புளியமரத்தைப் பற்றி ஊரில் கேலி செய்யாத ஆள் கிடையாது. நாரைகள் குஞ்சு பொரித்து வளர்க்கும் மாசி பங்குனிதான் புளி உலுக்குகிற காலமும். கிளையில் கம்பு பட்டால் கூடு ஆடும் என்று நீங்கள் புளியைத் தொடவே விடவில்லை. அடுத்த வீட்டுச் செல்லத்தாய் தெருவில் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்வாள்: "சொந்தமா மரத்த வச்சுக்கிட்டு அண்ணாச்சி கடையில நின்னு புளிக்குப் பேரம் பேசுத ஒரே ஆளு எங்க மதினிதான்."

"மரத்த வாடகைக்கு விட்டிருக்கேன்ளா. வருசத்துல ஆறு மாசம்."

"வாடக என்ன தருதாம்?"

"தலையில போடுதுல்லா, அதான்."

நீங்கள் இல்லாத முதல் பருவம் இது. மழைக்காலத்தில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் போகும் ஒவ்வொரு நாளும் முதலில் நாரைகளைப் பற்றித்தான் கேட்டீர்கள். "வந்துட்டா?" இன்னும் வரவில்லை மதினி என்பேன். ஒருநாள், உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு இந்த வருஷம் வருமோ வராதோ என்று ஏதோ சொன்னேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "போளா கோட்டி. அது என்னத் தேடியா வருது? மரத்தத் தேடிலா வருது." அதைச் சொல்வதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கியது.

கார்த்திகையில் நீங்கள் போனீர்கள். தை பிறந்ததும் அவை வந்தன. பூட்டிய வீட்டின் புளியமரத்தில் ஒவ்வொன்றாக வந்து இறங்கியதைத் தெருவில் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். உங்களைத் தேடிக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.

இன்றைக்கு உங்கள் வாசல் கதவில் துணி கட்டியிருந்தது. சாவி செல்லத்தாயிடம் இருக்கிறது, அவள்தான் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வாளியோடு இறங்கினேன். கதவு திறந்து கிடந்தது. புறவாசலில் உங்கள் மகன் நின்றிருந்தான். ஓசூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறான். பக்கத்தில், மர நிழலிலும் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். வீட்டை வாங்க வந்தவர்.

"வீடு நல்ல வீடுதான். காரைக்கட்டு இன்னும் கல்லு மாதிரி இருக்கு. மரந்தான் இடிக்கி. இத வெட்டி எறக்கிட்டா வெளிச்சமா ஆயிரும்" என்றார் அவர். பிறகு அண்ணாந்து பார்த்து, "இதுல புளி எம்புட்டுத் தம்பி காய்க்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி. நாங்க உலுக்குனதே இல்ல."

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லத்தாய் குரல் கொடுத்தாள். "குடைய மடக்கிராதிய அண்ணாச்சி. மேல இருக்கவுக வெத்தல பாக்கு வைக்காம யாரையும் அனுப்ப மாட்டாவ."

அவர் போன பிறகு உங்கள் மகன் மூங்கில் கூடையைத் தூக்கினான். அதே கூடைதான். நல்ல குஞ்சு, அடி ஒன்றும் பலமாக இல்லை. அவன் இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நான் கெண்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பிடிக்கத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. எப்போது கற்றுக் கொடுத்தீர்கள்?

"எங்க கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாபகம் இருக்கா அத்தை? ஒரு நாரை பந்தலத் தாண்டி வந்து என் பட்டு வேட்டியில எச்சம் போட்டுச்சு. பொண்ணு வீட்டுக்காரவ எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்காவ. அம்மா என்ன சொன்னா தெரியுமா? மொத அட்சதை விழுந்தாச்சு, போயி வேட்டிய மாத்துன்னா."

சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். கை முழுக்க மீன் வாடை.

"அம்மா இருந்தவரைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லல. இனி யாரு இங்கன இருக்கப்போறா? பூட்டியே கெடந்தா வீடு தானா விழுந்துரும். கூடெல்லாம் காலியான பெறகுதான் மரத்துல கை வைக்கணும்னு அவருகிட்ட கண்டிஷனாச் சொல்லிட்டேன். ஆனி முடியட்டும்னு சொல்லியிருக்கேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "மரத்த விட்டு வைக்கிறேன்னு யாராவது வந்தா அவுகளுக்கே குடுத்துருவேன். அவரு சொன்ன வெலையே போதும். அப்படி யாரு இருக்கா அத்தை?"

அவன்மேல் கோபப்படத்தான் அங்கே போனதிலிருந்து இடம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. உங்களைப் போலவே நியாயமாகப் பேசுகிறான். குஞ்சைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலத் தெருவில் இன்னும் ஒரு வீட்டில் துணி. அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை, குஞ்சு இறந்திருந்தது. வீட்டுக்காரப் பெண் வேப்ப மரத்தடியில் குழி தோண்டி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இருவரும் மண் தள்ளினோம். கொட்டகையில் உங்கள் வீட்டுக் குஞ்சை இறக்கிவிட்டேன். அங்கிருந்த பெரிய குஞ்சுகள் கழுத்தை நீட்டி அதை விசாரித்தன. பிறகு கரையில் மருத மரத்து நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டேன். அங்கிருந்து பார்த்தால் ஊரின் கூரைகளுக்கு மேல் உங்கள் மரம் தெரியும். ஒரு நாரை குளத்திலிருந்து எழும்பி, என் தலைக்கு மேல் போய், அந்த மரத்தில் இறங்கியது. திரும்பவும் வந்தது. திரும்பவும் போனது. அந்தக் கிளைகள் இல்லாத வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மீதிச் சோற்றை மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது இவர் தரையில் வீட்டு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஆழ்வார்குறிச்சியில் அப்பா என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன மனை இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது இவர் ஆசை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சுவரை அழித்து இன்னொரு சுவர் போடுவார்.

"அடுப்படியக் கெழக்கப் பாத்து வச்சிருவமா?" என்று கேட்டார்.

"பாப்போம்" என்றேன்.

இதை எழுதும்போது இவர் தூங்கிவிட்டார். எனக்கு எல்லாமே தெரிகிறது, மதினி. மழை பொய்த்துக் குளம் வற்றினால் ஒரு நாரைகூட வராது. நான் அங்கே குடியிருந்தால் நாற்றத்துக்குப் பயந்து என் மகளின் சிநேகிதிகள் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். இதில் பறவைக்காக எவ்வளவு, உங்களுக்காக எவ்வளவு என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கரையில் உட்கார்ந்திருந்தபோதே முடிவாகிவிட்டது. அந்த மனையை விற்று உங்கள் வீட்டை வாங்கப்போகிறேன். ஆனி வருவதற்குள் பத்திரம் எழுதி முடித்துவிட வேண்டும்.

உங்கள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. செல்லத்தாயிடம் சொன்னால் நான் வண்டி ஏறுவதற்குள் சேரன்மகாதேவிவரைக்கும் தெரிந்துவிடும். இவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது ஒரு வழி தோன்றுகிறது. உங்கள் வீட்டில் அடுப்படி கிழக்குப் பார்த்துத்தான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்வேன்.