திரும்பி வராத பொம்மை கார்

பெரியவன் அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். "ரிடையரான மனுஷனுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை?" என்று நான் கிளம்பிய அன்று கேட்டாயே, இதுதான் வேலை. குழந்தைகள் அம்புக்குறி அட்டைகளை வரிசையாக வைப்பார்கள். பொம்மை கார் அதன்படியே ஓடும். கோடிங் வகுப்பாம்! நேற்று, வீடு வரைந்த கட்டத்திலிருந்து கிளம்பிய ஒரு வாண்டின் கார் சுவரோரம் போய் நின்றுவிட்டது.

"தாத்தா, இதுக்கு வீட்டுக்கு வர ஆசையே இல்லையா?"

"திரும்பி வான்னு நீ அட்டையே வைக்கலையேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

யாராவது வந்தால் தலையணை உறை ஒன்று கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், உன்னுடையதே போதும். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதே. "வந்துடுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்.