பனோஃபி செய்தது நான்தான்

அன்பு மகன் எபினுக்கு அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் பெபிஷாவும் அவள் வயிற்றில் இருக்கிற உன் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். தோகாவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் ரொம்ப அலையாமல், கூட இருக்கிற பையன்களோடு சண்டை சச்சரவு இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் தவறாமல் உன் பெயரைச் சொல்லுகிறோம். தினமும் போனில் பேசுகிறவனுக்கு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போன் முன்னறையில் இருக்கிறது, உன் அம்மாவுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, அதுதான் முதல் காரணம். இரண்டாவது, இந்த விஷயத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் தொண்டையைச் செருமிவிட்டு இங்கே நல்ல மழை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு இங்கே துணி காயப்போட்டால் மொறுமொறுவென்று காய்கிற வெயில்.

மழை உண்மையில் நேற்றுதான் பெய்தது. அடுக்களை மேல் ஓடு ஒழுகிய இடத்தில் முத்துநாயகம் ஏறி மாற்றித் தந்தான், இறங்கும்போது நன்றாக இருந்த நாலு ஓடுகளை உடைத்துவிட்டு அவற்றையும் மாற்றித் தந்தான். பூதப்பாண்டிப் பக்கம் நடவு முடிந்துவிட்டது. எனக்கு முட்டுவலி பரவாயில்லை, பஸ்ஸில் நின்று நின்று வந்த வலி இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து குறைகிறது. இப்படியே ஊர்க் கதை எழுதிப் பேப்பரை நிரப்பிவிடலாம் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

பெபிஷாவுக்குச் சுகர் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவள் தானே இனிப்புப் பலகாரம் செய்து தின்றாள் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். நீ அவளைக் கூப்பிட்டு, பிள்ளைமேல் அக்கறை இருக்கிறதா உனக்கு என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். மக்கா, அவள் செய்யவில்லை. செய்தது நான். வெட்கத்தோடு எழுதுகிறேன், பொறுமையாக முழுவதும் வாசி.

டாக்டரம்மா இனிப்பு அறவே வேண்டாம் என்று சொன்ன நாள் முதல் உன் அம்மா சீனி டப்பாவைச் செக்போஸ்ட் மாதிரி காவல் காத்தாள். எனக்கே சாயாவுக்குச் சீனி அளந்துதான் கிடைத்தது. பெபிஷா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, கேப்பைக் களியும் அகத்திக்கீரையும் வைத்தால் தின்றுவிட்டுப் போவாள். ஒரு நாள் மத்தியானம் அவள் செல்போனில் ஒரு போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மக்களே என்று கேட்டதற்குக் காட்டினாள். அவள் அங்கே உன்னோடு இருந்தபோது, நீயும் அவளும் தோகாவில் ஒரு கடையில் ஒரே தட்டில் தின்கிற படம். "இதுக்குப் பேரு பனோஃபி பை மாமா. வெள்ளிக்கிழம லீவுன்னா அவிய என்னக் கூட்டிட்டுப் போயி வாங்கித் தருவாவ. இதுக்கு ஓவன் ஒண்ணும் வேண்டாம், டின் பால அவிச்சா போதும்" என்று எல்லாம் விவரமாகச் சொன்னாள். அடியில் பிஸ்கட்டும் வெண்ணெயும், அதன்மேல் அவித்துப் பாகான பால், அதன்மேல் வாழைப்பழம், அதன்மேல் கிரீம். வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, அதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். சொல்லிவிட்டுப் போனை அணைத்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் போட்டோ கண்ணிலேயே நின்றது.

அம்மா பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு நாகர்கோவில் போன அன்றைக்கு, அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே நானும் வடசேரிக்குப் போனேன். சந்தையில் பழக்கடைக்காரர் என்ன பழம் வேணும் அண்ணாச்சி என்று கேட்டார். அங்கே நின்றுதான் எனக்குப் புத்தி கெட்டது. மட்டிப் பழம் நம் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக் குழைத்துக் கொடுக்கிறது. மேரி பிஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போகிறது. பால் எல்லா நோயாளிக்கும் கொடுக்கிறது. மூன்றும் நோயாளிச் சாப்பாடு, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மட்டும் கெடுதல் எங்கிருந்து வரும் என்று நானே வக்கீலாக நின்று வாதாடி நானே ஜட்ஜாக இருந்து தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். மூன்றையும் வாங்கிக்கொண்டு, பேக்கரிக்காரரிடம் கெஞ்சிக் கேட்டுக் கிரீம் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

பெபிஷா உள்ளே படுத்திருந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். டின்னைத் திறக்காமல் தண்ணீரில் முழுக முக்கி அவிக்க வேண்டும், தண்ணீர் வற்றினால் வெடித்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் அடுப்பை விட்டு அசையவில்லை, நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் வேலையில் ஒரு நாளும் நான் அப்படி ஒரே இடத்தில் நின்றதில்லை. டின்னை ஆறவைத்துத் திறந்தபோது பால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கெட்டியாக இருந்தது, எனக்கு வந்த பெருமையைப் பார்க்க ஆள் இல்லை. பிஸ்கட்டை அம்மியில் வைத்துப் பொடித்து, வெண்ணெய் உருக்கி ஊற்றிப் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தேன். கிரீமை அடிக்க வேண்டும் என்றிருந்தாள், எதை வைத்து அடிப்பது என்று எனக்குத் தெரியாது. தயிர் மத்தை எடுத்துக் கடைந்தேன். கடையக் கடைய நன்றாகத் திரண்டு வந்தது, சந்தோஷத்தில் இன்னும் கடைந்தேன், கடைசியில் பார்த்தால் பாதி வெண்ணெயாகி மத்தில் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் மேல் பாலையும் பழத்தையும் பரப்பி, மிஞ்சிய கிரீமை மேலே பூசினேன். பார்க்கச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

அவள் எழுந்து வந்து அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பிள்ளை புத்தியாகத்தான் பேசினாள். "மாமா, டின் பால்ல பாதியும் சீனிதான். மாமி அறிஞ்சா வேற வினையே வேண்டாம்" என்றாள். "மட்டிப் பழம் தின்னு எந்தப் பிள்ளைக்கி மக்களே சுகர் வந்திருக்கு, நீ தின்னு பாரு" என்று நான்தான் சொன்னேன். ஒரு துண்டு தின்றாள். போதும் என்றாள். ஒண்ணே ஒண்ணு கூடி, வயிற்றுப் பிள்ளைக்கு என்று இன்னொன்று வைத்தேன். சாயங்காலமும் அம்மா வருவதற்கு முன்னால் ஒரு துண்டு நானேதான் கொண்டு கொடுத்தேன். வயசான மாமா ஆசையாகச் செய்ததை வேண்டாம் என்று தள்ளிவிட அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மீதியை நான் தின்று தீர்த்து, டின்னைத் தேங்காய்த் தொண்டுக் குவியலுக்குள் சொருகிவைத்தேன்.

மறுநாள் ரத்தம் எடுக்க வேண்டிய நாள் என்பது எனக்கு நினைவே இல்லை. டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விடவில்லை, படுக்கவைத்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, சுகர் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறது, ஒரு நாள் பலகாரத்தால் மட்டும் வந்ததில்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்கள். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஏனென்றால் என் வெட்கம் பலகாரத்தோடு நிற்கவில்லை.

வார்டில் வைத்து அம்மா கேட்டாள், என்னட்டி தின்ன நீ என்று. நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அவளுடைய அம்மா நேசம்மாள் அந்தப் பக்கம் நிற்கிறார்கள். பெபிஷா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "ஆசையா இருந்து மாமி, நானே செஞ்சு தின்னேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா விட்டாளா. "வயித்துல பிள்ளைய வச்சிட்டு உனக்க நாக்குக்கு இவ்வளவு ருசி கேக்குதாட்டி? படிச்ச பிள்ளதானே நீ?" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினாள். நேசம்மாளைப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க மதினி, உங்க பிள்ளைய என்னால காவல் காக்க முடியாது" என்றாள். அந்த அம்மா மகள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்கள். இத்தனை வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து, டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில் இறக்கிவிட்டு நியாயம் பேசின வாய் என்னுடையது. அன்றைக்குத் திறக்கவில்லை. பிளாஸ்க்கில் வெந்நீர் இல்லை, பிடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். பிளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வந்தபிறகு சொல்லியிருக்கலாம். நீ அவளைத் திட்டியபோது அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரி, சரி, இனிமே இல்ல என்று சொல்லிக்கொண்டே நின்றதை நான் பேப்பர் வாசிக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன செய்தி போட்டிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதுவரை எழுதியபிறகு ஒன்று தோன்றியது. உனக்கு மட்டும் ரகசியமாக எழுதிவிட்டு அம்மா முன்னால் நல்லவனாக நடமாடினால் அது முந்தியதைவிடக் கேவலம். அதனால் பேனாவை மூடிவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அவளிடம் சொன்னேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பம் ஆஸ்பத்திரியில நான் அவளப் பேசும்போ நீங்க பக்கத்துலதானே நின்னிய?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். நின்றேன் என்றேன். கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கத்தவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பெபிஷா படுத்திருந்த அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. "நீ ஏன் மக்களே எங்கிட்ட சொல்லல்ல? அவ்வளவு பேச்சும் நீ ஏன் வாங்கிக் கெட்டின?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. அதற்கு அவள், "மாமாவே சொல்லுவாங்கன்னு நெனச்சேன் மாமி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை மக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு தடவை அவள் என்னைப் பார்த்தது, காட்டிக்கொடுக்க மாட்டேன் மாமா என்று சொல்லுவதாக நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறாள். நான் வெந்நீர் பிடிக்கப் போய்விட்டேன்.

நேசம்மாளுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சரி அண்ணாச்சி, சனிக்கிழமை வாறோம் என்று மட்டும் சொன்னார்கள். ஏழாம் மாதம் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக வருகிறவர்களுக்கு உன் அம்மா இப்போதே பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள், பெபிஷாவின் பெட்டியை அவளே அடுக்குகிறாள், என்னோடு மட்டும் தேவைக்குத்தான் பேச்சு. இதையெல்லாம் உன்னிடம் போனில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் லீலா, வாயால் முடியவில்லை, என் கையெழுத்திலாவது போகட்டும் என்று தடுத்துவிட்டேன். சுந்தரராஜ் மகன் நாளைக் காலையில் தோகாவுக்குத் திரும்புகிறான், வறுத்த ஏத்தங்காய் உப்பேரிப் பொதிக்குள் இந்தக் கடிதத்தை வைத்துக் கொடுத்துவிடுகிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது முகம் இல்லை, இருந்தாலும் அப்பன் பழக்கம் விடவில்லை: யார் எதைச் சொன்னாலும் முதலில் பெபிஷாவிடம் கேள், கேட்டபிறகு பேசு.

கர்த்தர் உன்னையும் அவளையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ராத்திரி ஏசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தூங்காதே. மறந்துவிடாதே, வாசித்து முடித்த உடனே பெபிஷாவைக் கூப்பிடு, அவள் சனிக்கிழமை கிளம்புகிறதற்கு முன்னால் கூப்பிடு. அப்பாவிடம் கொடு என்று என்னைக் கேட்காதே. முதலில் அவள் பேசி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிற அப்பா
ஆபேல்