எட்டாவது பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

அதே பிரார்த்தனைக் கூடத்தில்தான் இன்னும் பதிவேடு எழுதுகிறேன். ஆண்மேல் ஆசைப்படும் பையன்களைப் பிரார்த்தனையால் மாற்றுவதாகச் சொல்லும் இடம், உனக்குத் தெரியாததா? போன வாரம் எங்கள் பதிவேட்டைச் சரிபார்க்க ஓர் ஆய்வாளர் வந்தார். நூற்றுக்கு எண்பது பேர் குணமானதாக எழுதியிருந்தோம்.

“எப்படிம்மா முடிவு பண்ணீங்க?” என்றார்.

“யாரு திரும்பி வரலையோ அவங்கல்லாம் குணமானவங்க சார்,” என்றேன்.

அவர் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். “குணமானதா எழுதியிருக்கிறவங்களைக் கூப்பிட்டு, எங்ககிட்ட பேசச் சம்மதமான்னு நீங்களே கேளுங்க.”

ஏழு பேரை அழைத்தேன். மூன்று எண்கள் புழக்கத்தில் இல்லை. மூன்றில் மணி மட்டும் அடித்து ஓய்ந்தது. ஒன்றை ஒரு தாய் எடுத்தார். “அங்கேருந்து வந்த மாசமே என் புள்ள போய்ச் சேர்ந்துட்டானேம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

எட்டாவது பெயர் உன்னுடையது. எதிரே என் கையெழுத்தில் ‘குணம்’. அதற்கு ஒரே ஆதாரம், நான்கு வருடமாக நீ எங்களோடு பேசாததுதான்.

உன் எண்ணை இன்னும் அழுத்தவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பேன். எடுத்துத் திட்டு, திட்டிவிட்டு வைத்துவிடு. மணி மட்டும் அடித்து ஓய்ந்துவிடக் கூடாதுடா.

உன்னை அங்கே கைப்பிடித்துக் கூட்டிப்போன
அக்கா