படித்ததாக வைத்துக்கொண்ட மூன்றாம் தீர்மானம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. கண்ணெல்லாம் மணல். இந்த நோட்டை யாராவது திறந்துவிட்டால் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஓர் எழுத்து கோழி அளவு, அடுத்தது குஞ்சு அளவு. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் வரி ஏறி இறங்கித்தான் போகிறது. எழுபத்தொரு வயதில் கற்ற கை. வலை பின்னிய விரலுக்குப் பேனா மெலிசாக இருக்கிறது, நழுவுகிறது. மாலை வகுப்பு கலா டீச்சர் தினம் ஐந்து வரி எழுதச் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார். அது நல்லது.

இன்று: ரேஷன் கடை. கண்ணாடிக்குப் புது நூல். தபால்.

தபால்தான் விசேஷம். பழுப்பு உறை, நல்ல கனம். மேலே என் பெயர். நானே படித்தேன். தபால்காரர் பழக்கத்தில் மை டப்பாவை எடுத்தார். வேண்டாம் என்று பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சிரித்தார். நான் அவரைவிட ஜாஸ்தி சிரித்தேன்.

அனுப்பியது மண்டல ரக்பி சங்கம். நான் எங்கள் குப்பத்துக் கடலலை அணியின் தலைவர். பேருக்குத்தான். என் இளைய மகள் செல்வி (இனி செ., கை வலிக்கிறது) காலேஜில் படித்தபோது அந்த ஆட்டத்தைக் கற்றாள். இப்போது சிதம்பரத்தில் மருந்துக் கடை வேலை. முடித்து வந்து குப்பத்துப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறாள். அணியைப் பதியும்போது ஊரில் பெரியவர் ஒருத்தர் பெயர் வேண்டும் என்றார்கள். என் பெயரைப் போட்டாள். அந்த முட்டைப் பந்தை நான் தொட்டதுகூட இல்லை.

வாசலிலிருந்து என் மனைவி: "தலைவரே, கருவாட்டக் காக்கா தூக்குது."

எழுந்து போனேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். முதல் தாள் மட்டும் படித்தேன். இரண்டு மணி நேரம். தேசிய அளவில் புது விதிகள் வந்திருக்கின்றனவாம். பார்த்து எழுதுகிறேன்:

ஒரே ஆள் வருஷக்கணக்காகப் பதவியில் உட்காரக் கூடாது.
ஒரு அணிக்கு ஒரு ஓட்டு.
ஆடுகிறவர்களுக்கும் கமிட்டியில் இடம். பெண் ஒருவர் கட்டாயம்.
பழைய கூட்டக் குறிப்புகளை எல்லா அணிகளுக்கும் அனுப்ப வேண்டும்.

கடைசி விதியால்தான் இந்த உறை வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு உறையும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் தேர்தல்.

செ. சாப்பிடும்போது கேட்டேன், எதற்கு இந்தப் புது விதி என்று. வடக்கே மலைக் கிராமத்துப் பெண்கள்கூட இந்த ஆட்டம் ஆடுகிறார்களாம், டிவியில் காட்டுகிறார்களாம். "ஆட்டம் வளந்துடுச்சுப்பா. சங்கம்தான் வளரல" என்றாள். பெண்கள் இடத்துக்கு அவள் நிற்கிறாள். என் ஓட்டு உனக்குத்தான் என்றேன். எழுதிக் கொடு என்று கேலி செய்தாள். எழுதியே கொடுத்தேன். மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

நல்ல நாள்.

ஜூன் 11, புதன்

இரண்டாம் தாள். போன தேர்தல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியல். ஏழாவது வரியில் என் பெயர். பக்கத்தில் வட்டமாகக் கறுப்பு. கைநாட்டு.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை. எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

கள்ள ரேகை என்று நினைத்தேன். சந்தோஷமாகக் கோபப்பட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வட்டத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. என் இடது கட்டைவிரலில் நங்கூரக் கயிறு அறுத்த தழும்பு. அதே கோடு.

என் விரல்தான்.

சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

எப்படி என்று ஞாபகம் வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நிவாரண மனுவுக்கு ஆட்கள் வருவார்கள். கவிழ்த்த படகின் மேல் மை டப்பா. அட்டை நகல் ஒன்று, மனு இரண்டு, வங்கிக்கு ஒன்று. வரிசையில் நின்று விரலைக் கொடுப்போம், அவர்களே பிடித்து உருட்டுவார்கள். எந்தத் தாள் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. பின்னால் நிற்கிறவன் திட்டுவான். மூன்று வருஷம் முன்பு அந்தப் படகடியில் ரக்பி சங்கத்து ஆளும் நின்றான். செயலாளர் ராஜமாணிக்கத்தின் ஆள். பொண்ணுங்க விளையாட கிரவுண்ட் அனுமதிக்கு என்றான். நான்கு தாள். நானும் பெருமையாக உருட்டினேன். செ. வேலையில் இருந்தாள். அவளிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

மதியம் மூன்றாம் தாள். இப்படி இருக்கிறது. ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதுகிறேன்.

"தீர்மானம் 3. கடலலை அணியில் மகளிர் பிரிவு ஏதும் இல்லாதபடியால், மாநில மகளிர் தேர்வுக்கான இடத்தை மேற்படி அணி செயலாளர் அவர்களின் அணிக்கு விட்டுக்கொடுக்கிறது. மேற்படி அணித் தலைவர் சம்மதித்து இடது பெருவிரல் ரேகை வைத்தார்."

மகளிர் பிரிவு இல்லை. எங்கள் அணியில் மகளிரைத் தவிர வேறு யாரும் இல்லை.

மூன்று வருஷமாகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. நமக்கு ஆட்டம் பத்தவில்லை என்று செ. அந்தப் பெண்களை இன்னும் ஓடவிட்டாள், இன்னும் விழவிட்டாள். எல்லாரிலும் வேகமாக ஓடுகிறவள் சங்கீதா. இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு பண்ருட்டிக்கு முந்திரி உடைக்கப் போய்விட்டாள். பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன், கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஆட்டம் பத்தலன்னு நெனச்சேன் தாத்தா என்று என்னிடமே சொன்னாள். என்னிடமே.

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். அடுத்த பக்கத்திலும் விழுகிறது. விழட்டும்.

ஜூன் 13, வெள்ளி

தொழுகை முடிந்து வந்த சம்சுதீன் பாயைக் கடைத்தெருவில் பிடித்தேன். பரங்கிப்பேட்டை அணிக்கு அவர் தலைவர். அவருக்கும் உறை வந்திருக்கிறது, பிரிக்கவில்லையாம். அவர் கடையிலேயே பிரித்தோம். பட்டியலில் அவர் கையெழுத்து இருந்தது, அழகாக. பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், அன்னிக்கு நான் மலேசியாவுல மவ வூட்ல இருக்கேன். பாஸ்போர்ட்டுல சீல் இருக்கு. இதப் போட்டது யாரு, ஜின்னா, பூதமா?"

அவருக்குக் கள்ளக் கையெழுத்து. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கு அதுவும் இல்லை. செ.விடம் சொல்லிவிடு என்றார். சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் மணலில் பெண்கள் ஆடியதைப் பார்த்தேன். பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும், முன்னால் எறிந்தால் தப்பு. மற்றவர்களுக்கு அது விளங்காது. கரைவலை இழுத்தவனுக்கு விளங்கும், பின்னால் நடந்து நடந்துதான் மீன் வரும். எட்டுப் பெண்கள் குனிந்து, தோளோடு தோள் கோத்துத் தள்ளினார்கள். செ. தொண்டை கிழியக் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் புது சட்டை தைத்திருக்கிறாளாம்.

சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

தடைக்காலம் இன்றோடு சரி. துறைமுகத்தில் ஐஸ், டீசல், இரைச்சல். மகன் கிளம்புகிறான். நான் மூன்றாம் தாளைப் பதினோரு தடவை சத்தமாகப் படித்தேன். 'மேற்படி' வரும் இடத்தில் இன்னும் தடுக்குகிறது.

ஜூன் 15, ஞாயிறு

காலை பஸ். செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். எல்லாப் பலகையையும் படித்தேன். அந்தச் சந்தோஷத்தைக்கூட அந்த ராஜமாணிக்கம் கெடுத்துவிட்டான் என்று கோபம் வந்தது. செ. பக்கத்தில் நீலச் சட்டை. அணிப் பெண்கள் பின்னால் பாட்டு.

ராஜமாணிக்கத்தின் கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம். நுழைந்ததும் பிரியாணி வாசம். தலைவர்களுக்கு முன்வரிசை. பெண்கள் உறுப்பினர் இல்லை என்று கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். மாநிலத்திலிருந்து பார்வையாளராக ஒரு அம்மா வந்திருந்தார். அதிகம் பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

ரா.மா. நல்ல வெள்ளை வேட்டி. நாட்டில் ஆட்டம் வளருகிறது, நாமும் வளருவோம் என்று கொஞ்ச நேரம். பிறகு சொன்னான்: "போன கூட்ட நடவடிக்க எல்லாருக்கும் அனுப்பியாச்சு. படிச்சதா வெச்சிக்குவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"படிச்சதா வெச்சிக்க வேணாம். நான் படிக்கிறேன்."

ரா.மா. சிரித்தான். பெரியவருக்கு யாராவது உதவி பண்ணுங்கப்பா என்றான். அவனுடைய ஆள் தாளை வாங்க வந்தான். கொடுக்கவில்லை. பார்வையாளர் அம்மா நிமிர்ந்து, உறுப்பினர் கேட்டால் படித்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

படித்தேன். வந்தவர்கள் பட்டியலிலிருந்து. ஒவ்வொரு பெயராக. விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு. பரங்கிப்பேட்டை என்று படித்ததும் பாய் எழுந்து பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் இருவர் செருப்பைத் தேடினார்கள். தீர்மானம் 1. தீர்மானம் 2. வியர்வை கண்ணாடியில். யாரோ, "பெருசு, பிரியாணி ஆறிடும்" என்றான். சிரிப்பு.

பாய் திரும்பிப் பார்க்காமலே, "ஆறட்டும்யா. அவரு படிக்கட்டும்" என்றார்.

தீர்மானம் 3. 'மேற்படி' தடுக்கவில்லை. மகளிர் பிரிவு ஏதும் இல்லாதபடியால் என்று படித்தபோது பின்னால் நாற்காலி கீறும் சத்தம். திரும்பவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டு இடது கையைத் தூக்கினேன். இது என் விரல்தான், தழும்பு பாருங்கள், இந்த மண்டபத்துக்குள் இன்றைக்குத்தான் முதன்முதல் காலெடுத்து வைக்கிறேன், இதை வாங்கினது படகடியில், கிரவுண்ட் அனுமதி என்று சொல்லி. மகளிர் பிரிவு அதோ தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் சொன்னேன். குரல் உடைந்தது. கோபத்தில்தான்.

ரா.மா. சொன்னான்: "கைநாட்டு வெச்சது நீதான? யாரு புடிச்சி வெச்சா?"

அது உண்மைதான்.

பார்வையாளர் அம்மா எழுதி முடித்தார். இந்த ஓட்டர் பட்டியலில் தேர்தல் நடத்த முடியாது, அடுத்த ஞாயிறு, வேறு இடத்தில், ஒவ்வொரு அணியும் தன் ஊரில் கூடித் தலைவரைப் புதிதாக எழுதிக்கொண்டு வரட்டும் என்றார். தீர்மானம் 3 பற்றி மாநிலத்துக்குத் தனியாக எழுதுவாராம். ரா.மா. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மற்ற எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுத்தான் போனார்கள். நான் சாப்பிடவில்லை.

திரும்பும் பஸ். செ. எனக்கு முன் சீட்டில். யாரும் பாடவில்லை. ஆலப்பாக்கம் தாண்டித் திரும்பினாள்.

"மூணு வருசம்ப்பா."

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, அன்றைக்கே யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாமே என்றாள். கேட்டால் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும் என்றேன். ஊருக்கே தெரியுமேப்பா என்றாள். ஆமாம். ஊருக்கே தெரியும்.

ஜூன் 16, திங்கள்

மகன் வந்துவிட்டான், மீன்பாடு பரவாயில்லை. வீட்டில் மீன் குழம்பு. செ. எனக்குப் பரிமாறவில்லை, மனைவி பரிமாறினாள்.

சாயங்காலம் கடற்கரையில் அணிக் கூட்டம். எல்லாரும் மணலில், யாருக்கும் முன்வரிசை இல்லை. தலைவர் பதவி எனக்கு வேண்டாம் என்றேன். பெண்கள் செ. பெயரைச் சொன்னார்கள். விலகல் கடிதம் ஒன்று என்னிடமிருந்து வேண்டுமாம். அவளே எழுதி, பேனாவோடு நீட்டினாள். உடனே கையெழுத்துப் போடக் குனிந்தேன். எனக்கு அவமானம் ஜாஸ்தி, சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"படிச்சிட்டுப் போடுப்பா."

படித்தேன். ஒன்பது வரி. அத்தனை பேரும் நின்றார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஆறாவது வரியில் ஊர்ப் பெயர் விடுபட்டிருந்தது. சொன்னேன். செ. வாங்கிப் பார்த்துவிட்டு எழுதிச் சேர்த்தாள். பிறகு போட்டேன். ரக்பி காகிதத்தில் என் முதல் கையெழுத்து.

கோபம் போகவில்லை. பாதி அவன் மேல். பாதி இந்தக் கட்டைவிரல் மேல்.

நாளை காலை பண்ருட்டி பஸ். சங்கீதாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும், ஆட்டம் பத்தாமல் இல்லை என்று. கூட யாரும் வர வேண்டாம் என்றேன். பஸ் பலகை படிக்கத் தெரியும்.

வாரம் முழுக்க நோட்டைத் தொடப் போவதில்லை, விரல் வீங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல் முடிந்து வந்ததும் செ.க்கு எத்தனை ஓட்டு என்று எழுதுகிறேன். எண் எழுத எனக்கு முன்பே தெரியும்.